புதுப்பிப்பு: நகரத்து நிலத்தடி நீர் பதிவில் ஒரு திருத்தம்

ஆழ்துளைக் கிணறுகளில் இறைப்பதைக் குறைத்து, மழைநீரை உள்ளே இறக்கினால் நகரத்து நிலத்தடி நீர் பழையபடி ஆகிவிடும் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். பாதிதான் சரி.

நீர்மட்டம் ஏறும், அமிழ்ந்த நிலம் ஏறாது. அளவுக்கு மீறி உறிஞ்சும்போது களிமண் அடுக்குகள் இறுகிவிடுகின்றன, அந்த இறுக்கம் பெரும்பாலும் நிரந்தரம். மெக்சிகோ நகரின் சில பகுதிகள் ஆண்டுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வரை அமிழ்வது இதனால்தான்.

டோக்கியோவில் நேர்ந்தது இன்னும் விசித்திரம். அங்கே இறைப்பதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தபின் நீர்மட்டம் நன்றாகவே மீண்டது. ஆனால் மட்டம் தாழ்ந்திருந்த காலத்துக் கணக்கில் கட்டிய உவேனோ நிலத்தடி ரயில் நிலையத்தை நீர் கீழிருந்து மேலே தள்ள ஆரம்பித்தது. இரும்புப் பாளங்களை வைத்து அமுக்கினார்களாம்! வெற்றிக்கும் செலவு உண்டு.

அப்புறம், சாலையில் ஓடும் நீரையும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழியில் விடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நேரடியாக வேண்டாம். எண்ணெய், ஈயம், சாக்கடை எல்லாம் சேர்ந்தே இறங்கும். கெட்டுப்போன நீரடுக்கைச் சுத்தம் செய்யப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். கூரை நீர் என்றால் முதல் மழையைக் கழித்துவிட்டு, மணல் வழியே வடிகட்டி விடுங்கள்.