பிள்ளைகள் நன்றாக இருக்கும்போதே பெரியவர்கள் ஏன் முதியோர் குடியிருப்புக்குப் போகிறார்கள்?

ஹட்டிக்காரன்:
குன்னூர், கோத்தகிரி பக்கம் எங்கே திரும்பினாலும் 'சீனியர் லிவிங்' பலகைதான் கண்ணில் படுகிறது. எங்கள் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு சார், சொந்த வீட்டை விற்றுவிட்டு மனைவியோடு அப்படி ஒரு இடத்துக்குப் போய்விட்டார். மகன் பெங்களூரு, மகள் கோவை, இரண்டு பேரும் வசதியாக இருக்கிறார்கள், வீட்டில் ஒரு சண்டையும் கிடையாது. அப்புறம் ஏன்? எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) எண்பது தாண்டிய ஹெத்தைகள், அதாவது பாட்டிகள், இன்றும் வரிசை வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி 'யார் மகன் நீ' என்று விசாரிக்கிறார்கள். ஒரு குரல் கொடுத்தால் நாலு வீடு ஓடி வரும். இதை விட்டுவிட்டு லட்சக்கணக்கில் கொட்டி முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்காருவது எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் 'போங்கள்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள், 'போகாதீர்கள்' என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு_டீச்சர்:
இருக்கிறது தம்பி. நானே அப்படிப் போனவள். என்னை யாரும் துரத்தவில்லை, என் வீட்டுப் படிதான் துரத்தியது. மலையில் வீடு கட்டினவர்களுக்கு இது தெரியும்: சாலை மேலே, வீடு பள்ளத்தில், நடுவில் செங்குத்தாகப் படிக்கட்டு. ஐப்பசி மழை பிடித்தால் படி முழுக்கப் பாசி. கேஸ்காரர் சிலிண்டரைச் சாலையிலேயே இறக்கிவிடுவார், கீழே கொண்டுவரத் தனிக் கூலி, அதற்கும் ஆள் கிடைக்க வேண்டும். இருட்டினால் கேட் பக்கம் காட்டெருமை நிற்கும், அது பாட்டுக்கு நிற்கும், நாம்தான் காத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை சமாளித்தோம். அவர் போன பிறகு, ராத்திரி பாத்ரூம் போகும்போதெல்லாம் கையில் போனோடு போனேன். மகள் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அடிப்பாள், அவர்கள் பாவம் தூக்கத்தில் எழுந்து வந்து என் கதவைத் தட்டுவார்கள். எத்தனை நாளைக்கு?

இப்போது எனக்கென்று தனி வீடு, தனிப் பூட்டு சாவி. மனமிருந்தால் சமைக்கிறேன், இல்லாவிட்டால் பொதுச் சாப்பாட்டுக்கூடம். அழைப்பு மணி அடித்தால் ஆள் வருகிறது. இதை 'ஹோம்' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஹட்டிக்காரன்:
டீச்சர், மன்னிக்கவும், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது எல்லாமே சரிசெய்யக்கூடியது. படிக்குக் கைப்பிடி வைக்கலாம், துணைக்கு ஒரு பெண்ணை வைக்கலாம். விற்றுவிட்டுப் போவதுதான் வழியா?

ஓய்வு_டீச்சர்:
வைத்தேனே! மூன்று பேர் மாறினார்கள். ஒருத்திக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருத்தி திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள், மூன்றாமவளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

வார்டு_நர்ஸ்:
இருபது வருஷமாக வார்டில் நின்றவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் சாலையில் இல்லை, வீட்டுக்குள்தான்: கட்டிலிலிருந்து இறங்கும்போது, பாத்ரூம் வாசலில். இடுப்பெலும்பு முறிந்து ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தரையில் கிடந்து, காலையில் பால்காரர் பார்த்துச் சொன்ன கேஸ் எல்லாம் வந்திருக்கிறது. முறிவை விட அந்த ஆறேழு மணி நேரம்தான் ஆளைக் கெடுக்கும். உடம்பு சில்லிட்டு, நீர் வற்றி, படுத்த பக்கம் புண்ணாகி வருவார்கள். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நல்லது. இருந்தாலும் பெரிய ஆபரேஷன் என்றால் பல பேர் இன்னும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள், குன்னூரிலிருந்து 70 கிலோமீட்டர், மழையில் மண் சரிந்தால் மலைப்பாதையில் பர்லியாரில் வண்டி நின்றுவிடும்.

எனவே இடம் பார்க்கப் போகிறவர்கள் தோட்டத்தையும் நூலகத்தையும் பார்த்து மயங்காதீர்கள். பாத்ரூமுக்குள் போய் அபாய மணிக் கயிறு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். அது தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டும் இல்லையா. நான் பார்த்த ஒரு இடத்தில், துடைக்கும்போது நனைகிறது என்று கூட்டுகிற அம்மா அதை அழகாகச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

லெஸ்டர்_மருமகள்:
டீச்சர் சொன்ன தனிச் சாவி விஷயம் முக்கியம். இங்கே பிரிட்டனில் இதை மூன்றாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். சின்ன ஃபிளாட், சொந்தக் கதவு, அபாய மணிக் கயிறு, விசாரிக்க ஒரு வார்டன், எல்லோரும் உட்கார ஒரு பொதுக் கூடம், இது ஒரு வகை. பெரும்பாலும் கவுன்சிலோ லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்குக் கொடுக்கும், விலைக்கும் உண்டு. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க உதவி சேர்ந்தால் அடுத்த வகை. நர்சிங் ஹோம் என்பது முற்றிலும் வேறு. நம் ஊரில் மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அதில்தான் குழப்பமே. என் மாமியாரின் சிநேகிதி முதல் வகையில் இருக்கிறார். அவர் போனதற்குச் சொன்ன காரணம், மாடிப்படியும் தோட்டப் புல்லும் தன்னால் ஆகவில்லை என்பது. மகன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

லைன்_வீடு:
எல்லோரும் விற்க வீடு வைத்திருப்பவர்களாகவே பேசுகிறீர்கள். என் அப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்தவர், காலமெல்லாம் தோட்ட வேலை. தோட்டத்தில் ஓய்வு என்றால் வேலை மட்டும் போகாது, தோட்டத்தில் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கு அதே தோட்டத்தில் வேலை இருந்தால் அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கூடலூர் பக்கம் ஒண்டுக்குடித்தனம். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. உங்கள் பலகையில் போட்டிருக்கும் மாதப் பராமரிப்புத் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கும் படி வழுக்குகிறது, எங்களுக்கும் முழங்கால் வலிக்கிறது. ஏன் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன், யாரால் போக முடிகிறது என்று கேளுங்கள்.

ஹட்டிக்காரன்:
அண்ணா சொல்வது நியாயம். அதோடு இன்னொன்று, என் பயமே இதுதான்: காசு இருப்பவர் விலகிப் போய்விட்டால், ஊரில் மிச்சம் இருக்கும் பெரியவர்களைப் பார்க்க ஊர் என்ற ஒன்று இருக்காது. ஹட்டியிலும் இப்போது பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, பையன்கள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். எங்கள் ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு மட்டும் எல்லோரும் வருவார்கள், வெள்ளை வேட்டி கட்டி நின்றுவிட்டு அடுத்த நாள் கார் ஏறிவிடுவார்கள். நான் உட்பட.

வார்டு_நர்ஸ்:
அப்படியென்றால் நாலு வீடு ஓடி வரும் என்று எழுதினீர்களே தம்பி, அதில் இரண்டு வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஓடி வருகிறவருக்கே எழுபது வயது. வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்கிறோம், பார்ப்பது யார்? மருமகள். அவளை யாராவது கேட்டார்களா? இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை.

ஹட்டிக்காரன்:
கோபம் இல்லை அக்கா. என் அம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணிதான். ஆனாலும் அம்மாவை அந்தத் தெருவிலிருந்து பெயர்த்தால் அவர் பேச்சே நின்றுவிடும். எங்கள் படுகு மொழி பேச ஒரு ஆள் இல்லாத இடத்தில் பொதுக் கூடத்தில் டிவி இருந்து என்ன பயன்? டீச்சருக்கு ஒத்துவந்தது எல்லோருக்கும் ஒத்துவராது.

ஓய்வு_டீச்சர்:
அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் சென்னை, மும்பையிலிருந்து குளிர் தேடி மேலே வந்தவர்கள். இங்கேயே பிறந்த எங்கள் சொந்தக்காரர்கள் மூச்சுத்திணறல் என்று மேட்டுப்பாளையம், காரமடைக்கு இறங்குகிறார்கள், வேடிக்கைதான். ஆனால் ஒரே ஒரு திருத்தம். போவதென்றால் நன்றாக நடமாடும்போதே போக வேண்டும். படுத்த பிறகு போனால் யாருடனும் பழக முடியாது, அப்போதுதான் அது நீங்கள் பயப்படுகிற 'ஹோம்' ஆகிறது.

கணக்குப்பிள்ளை:
யாராவது கையெழுத்துப் போடப் போகிறீர்களா? இதையும் பாருங்கள். வீடு உங்கள் பெயருக்குப் பத்திரமாகிறதா, வெறும் டெபாசிட்டா, ஒருவர் காலமானால் மற்றவர் தொடரலாமா, பராமரிப்புத் தொகையை வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றலாம், படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா வெளியே அனுப்புவார்களா. 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் போட்டது, ஆனால் அது மாதிரிதான், எல்லாக் கட்டடத்தையும் கட்டுப்படுத்தாது.

வீட்டிலேயே இருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. மகன் பெயருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும்போது 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது, நிபந்தனையை மீறினால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். மனுவை விசாரிப்பது கோட்டாட்சியர்.

ஹட்டிக்காரன்:
அம்மாவிடம் போய் 'நிபந்தனை போடு' என்று எப்படிச் சொல்வது சார்? அண்ணன் முகத்தைப் பார்க்க முடியுமா?

வார்டு_நர்ஸ்:
அண்ணனையே சொல்ல வையுங்கள். முதலில் பாத்ரூமுக்கு ஒரு கைப்பிடி வாங்கிப் போடுங்கள், அதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.