புதுப்பிப்பு: கசடு பிடித்த இன்ஜினுக்கு எந்த ஆயில் என்று கேட்டிருந்தேனே

ரொம்ப காலம் ஆயில் மாற்றாமலே ஓடிய பழைய பெட்ரோல் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகக் கசடு, என்ன ஆயில் போட்டால் சுத்தமாகும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இன்ஜினை உள்ளே கழுவ ஊற்றும் ஃப்ளஷ் திரவம் ஊற்றவில்லை. கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து வந்தால் ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்துவிடும், அப்புறம் பிரஷர் விழுந்து பேரிங் போய்விடும். டீசல் ஆயில் போடச் சொன்னவர்களுக்கும் காரணம் இருக்கிறது, அதில் அழுக்கை நீக்கும் டிடர்ஜென்ட் அதிகம்தான். ஆனால் பாஸ்பரஸும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கும், அதனால் கன்வெர்ட்டர் உள்ள காரில் டீசல் ஆயிலைத் தொடர்ந்து ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கையேட்டில் சொன்ன அதே 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிமன் அளவு), ஏபிஐ எஸ்பி (பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கான தரக் குறியீடு) தரத்தில் ஃபுல் சிந்தெடிக். வழக்கமான இடைவெளியில் பாதி வருவதற்குள் மாற்றிவிடுகிறேன், கூடவே ஃபில்டரும். கழற்றிய ஃபில்டரை அறுத்து காகிதத்தை விரித்துப் பார்த்தேன்: மடிப்பு முழுக்கக் காபித்தூள் மாதிரி கரித்துகள், காந்தம் வைத்தால் எதுவும் ஒட்டவில்லை, அப்பாடா என்றிருந்தது.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக் கிடந்தது, அதையும் மாற்றினேன். அதை விட்டுவிட்டு எந்த ஆயில் ஊற்றினாலும் கசடு திரும்பச் சேரும்.

இப்போது மூடி வழியாகப் பார்த்தால் கேம்ஷாஃப்டில் உலோக நிறம் தெரிகிறது, மூலைகளில் இன்னும் இருக்கிறது. அடுத்து இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி அந்த வலையை நேரில் பார்க்க வேண்டும், கேஸ்கெட் வந்ததும் படம் போடுகிறேன்.