ஆய்வு நடக்கும்போதே பி.டி.எஸ்.ஏ. ஓட்டலாமா?

கூடலூர்க்காரி: பந்தலூர்ப் பக்கம் அரிவாள் செல் நோய்க்கான (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) மருந்தாய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மழை மாதங்களில் ரத்தக் குழாய்கள் ஜீப்பில் குலுங்கி லேபுக்குப் போவதற்குள் செல்கள் உடைந்து, மாதிரியை வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார்கள். தர மேம்பாட்டு நிபுணர் டெமிங் சொன்ன பி.டி.எஸ்.ஏ. (திட்டமிடு, செய், ஆராய், செயல்படுத்து) முறையில், முதலில் ஒரு முகாமில் மட்டும் சென்ட்ரிஃபியூஜ் (குழாயைச் சுழற்றும் மெஷின்) வைத்து, செல் நீங்கிய சீரம் என்ற தெளிந்த நீரை மலையிலேயே பிரித்து அனுப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

குன்னூர்வாசி: வேண்டாம் மேடம். எல்.டி.ஹெச். பார்க்கிறீர்கள்தானே? உடம்புக்குள் செல் உடைவதைக் காட்டும் அளவு அது. குழாயில் உடைந்தாலும் அதே எண்தான் ஏறும். நடுவில் முறையை மாற்றி எண் இறங்கினால், மருந்து வேலை செய்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள்.

கூடலூர்க்காரி: இப்போது மட்டும் என்ன சார், மழை நாளில் ஒரு எண், வெயில் நாளில் ஒரு எண். பிரித்து அனுப்ப லேப் கையேட்டிலேயே இடமிருக்கிறது, இங்கே மெஷின்தான் இல்லை. மருந்தாய்வுகளை நடத்தும் முறைக்கான சர்வதேச ஐ.சி.ஹெச். ஈ6 வழிகாட்டுதலும் 2016 திருத்தத்திலிருந்தே ஆபத்தை எடைபோட்டுத் தரத்தைக் கவனிக்கச் சொல்கிறதே.

குன்னூர்வாசி: கையேட்டில் இருந்தால் சரி. எந்தக் குழாய் எந்த முறையில் போனது என்று தேதியோடு எழுதி, புள்ளியியல்காரரிடமும் சொல்லுங்கள். ஆனால் ஒப்புதல் படிவத்திலோ வருகை நாளிலோ கை வைப்பதென்றால், நெறிமுறைக் குழு அனுமதி வந்த பிறகுதான்.

தோட்டத்து நர்ஸ்: ஒப்புதல் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் முன்பு இருந்த இடத்தில், ஒப்புதல் வாங்கும் நேரம் குறைந்ததை லீன் (வீண் வேலையை வெட்டும் முறை) வெற்றி என்று சார்ட் போட்டு ஒட்டினார்கள். இந்தியாவில் அரிவாள் செல் முதலில் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். ரத்தம் கேட்டு வருகிறவர்கள் அவர்களுக்குப் புதிதில்லை. வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம் என்பார்கள். அந்த நாளை வீண் என்று வெட்டுவதா மேம்பாடு?

கூடலூர்க்காரி: இல்லை அக்கா, அங்கே அளந்ததே தப்பு. விளக்கியதை அவர்களே திருப்பிச் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்த்திருக்க வேண்டும். என் கணக்கு நிராகரிப்பு மட்டும்தான். வாராவாரம் புள்ளி வைப்பேன். தொடர்ந்து ஆறு புள்ளி மீடியன் (நடு அளவு) கோட்டுக்குக் கீழே வந்தால் மாற்றம் நிஜம்.

குன்னூர்வாசி: செப்டம்பர் கடந்து மழை விட்டால் ஒன்றுமே செய்யாமலும் ஆறு புள்ளி இறங்கும்!

கூடலூர்க்காரி: அதனால்தான் ஜூலையிலேயே தொடங்கப் போகிறேன். பிரித்த முகாம், பிரிக்காத முகாம், இரண்டின் குழாய்களும் ஒரே ஜீப்பில், ஒரே நாளில் போகும். கூடுதலாக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க மாட்டோம்.

தோட்டத்து நர்ஸ்: ஜீப்பையே திட்டுகிறீர்களே, ஊசியைப் பார்த்தீர்களா? மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் எடுக்கும்போதே செல் உடையும். இரண்டு முகாமிலும் ரத்தம் எடுப்பவர் ஒருவர்தானா?

கூடலூர்க்காரி: வேறு வேறு ஆள்.

குன்னூர்வாசி: அப்போது யார் எடுத்தார், எந்த ஊசி என்று பதிவேட்டில் இரண்டு கட்டம் சேருங்கள். மெஷினை அப்புறம் வாங்கலாம்.