8 நாள் ஆண்டு விடுப்பை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, வாரம் 5 நாள் வேலை. சேவை 2 ஆண்டுக்குக் கீழ், அதனால் 8 நாள்தான். 2026-இல் நீண்ட விடுமுறை ஒன்றும் தீபாவளியும் வேண்டும். எந்த நாள்களில் எடுப்பது?

பதில் 1: செப்டம்பர்தான் சிறந்தது. 16 மலேசியா தினம், புதன்கிழமை. 14, 15, 17, 18 எடுங்கள். 12 முதல் 20 வரை 9 நாள், செலவு 4. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால் திங்கள் மாற்று விடுமுறை. வெள்ளி ஒரு நாள் போதும், 4 நாள் கிடைக்கும். மீதி 3 நாளை அவசரத்துக்கு வையுங்கள்.

பதில் 2: மேலே சொன்னதில் ஒரு கவனம். பொது விடுமுறை ஓய்வு நாளில் வந்தால் சட்டப்படி மாற்று விடுமுறை உண்டு, வெறும் வேலையில்லா நாளில் வந்தால் இல்லை. 5 நாள் வேலையில் சனி பெரும்பாலும் வேலையில்லா நாள்தான், ஓய்வு நாள் அல்ல. பினாங்கு ஆளுநர் பிறந்தநாள் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை வருவதால் பலருக்கு அது வீணாகிறது. ஷிப்ட் வேலை என்றால் ஓய்வு நாளே மாறும், ரோஸ்டரை (வேலை அட்டவணையை) பாருங்கள். ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினத்தையும் எல்லா நிறுவனமும் தருவதில்லை. சட்டம் கட்டாயமாக்குவது 11 பொது விடுமுறை, அதில் 5 மட்டுமே மாற்ற முடியாதவை. எச்ஆர் (மனிதவளத் துறை) தரும் விடுமுறைப் பட்டியலைக் கையில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

பதில் 3: லீவில் காய்ச்சல் வந்தால் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) எடுத்து உடனே தெரிவியுங்கள். அந்த நாள்கள் மருத்துவ விடுப்பாகும், ஆண்டு விடுப்பு திரும்பக் கிடைக்கும். பலர் கேட்பதே இல்லை, உரிமையை விடாதீர்கள் தம்பி. பொது விடுமுறைக்கு முன்நாளோ மறுநாளோ அனுமதியின்றி மட்டம் போட்டால் அந்த விடுமுறைச் சம்பளமும் போய்விடும்.