யானைக் காவலுக்குப் போற அப்பாக்கு சீனி ஏறுது: தூக்கம்தான் காரணமா?

வெல்லாவெளிப்_பொடியன்:
அண்ணாமார், நானாமார், ஒரு விளக்கம் வேணும். கதிர் முத்துற காலம், அப்பாவும் சித்தப்பாவும் ராவெல்லாம் வயல் வாடிக் குடிசையில யானைக் காவல். அப்பாக்கு 57 வயசு. காலையும் ராவும் சீனிக்கு மெட்ஃபோமின் குளிசையும் கலவை இன்சுலின் ஊசியும், பிறஷருக்குத் தனிக் குளிசை. காவல் தொடங்கின பிறகு வெறும் வயித்துச் சீனி 130 இல இருந்து 190க்குப் போயிட்டு. சாப்பாட்டுல மாற்றமில்ல. பகலில ரெண்டு மூணு மணித்தியாலம்தான் தூங்குறார். தூக்கத்துக்கு பாமசியில பிரிட்டோன் தந்தாங்க, குடுக்கலாமா?

சம்மாந்துறை_வட்டவிதான:
தம்பி, பிரிட்டோன் வேணாம். அது சளி, அரிப்புக்கான மருந்து, தூக்கம் அதன் பக்க விளைவு. பகலில குடிச்சா ராவும் மந்தம் நிக்கும், காவலுக்குப் போற ஆளுக்கு அது கூடாது. புரஸ்டேட் வீங்கின வயசாளிகளுக்கு சலம் அடைக்கவும் செய்யும்.

சீனி ஏறுறதுக்குத் தூக்கக் குறைவு நல்ல காரணம்தான். தூக்கம் குறைஞ்சா இன்சுலின் சொல்லுறத உடம்பு சரியாக் கேக்காது. சீனிய ஏத்துற கோர்ட்டிசோல் என்ட ஹோர்மோன் இறங்க வேண்டிய நேரத்துல இறங்காது. பசியும் கூடும், வாடியில பிஸ்கட்டும் சீனி போட்ட தேத்தண்ணியும் உள்ள போகும். "சாப்பாட்டுல மாற்றமில்ல" என்டு வீட்டுல சொல்றதுல இதெல்லாம் கணக்குக்கு வாறல்ல.

இதவிடப் பயம் ஊசிதான். கலவை இன்சுலின் போட்டா அரை மணித்தியாலத்துல சாப்பிடணும். ஊசிய வீட்டுல போட்டுட்டுச் சோத்த வாடியில பிந்திச் சாப்பிட்டா சீனி விழும். வேர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் வந்தா உடன மூணு தேக்கரண்டி சீனி தண்ணில கரைச்சுக் குடிக்கணும், 15 நிமிசத்துல திரும்பச் சோதிக்கணும், மறுகா ஏதும் சாப்பிடணும். சித்தப்பாக்கு இது தெரிஞ்சிருக்கணும். அளவ நீங்களாக் கூட்டிக் குறைக்க வேணாம். தூங்கின நேரம், சாப்பிட்ட நேரம், ஊசி போட்ட நேரம், சீனி அளவு நாலையும் எழுதி கிளினிக் கொப்பியோட டொக்டரிட்டக் காட்டுங்க.

படுவான்கரையான்:
ரெண்டு பேரும் சேந்து முழு ராவும் முழிக்கிறதுதான் பிழை. பிரிச்சுக்கங்க. முன்ராக் காவல் அப்பாக்கு, ஒன்றரை மணி வரைக்கும். பின்ரா சித்தப்பாக்கு. 2 மணியில இருந்து 6 மணி வரைக்கும் அப்பா படுக்கட்டும். மூணு தொடக்கம் அஞ்சு மணி வரைக்கும்தான் உடம்புச் சூடு ஆகக் குறையுற, நித்திரை ஆகக் கூட இழுக்கிற நேரம். சீனி வருத்தக்காரர் அந்த நேரம் முழிச்சிருக்கத் தேவையில்ல.

காவல் இல்லாத ராவிலயும் அந்த நாலு மணித்தியாலம் நித்திரைக்குள்ள இருக்கணும். உடம்பு மணிக்கூடு அதுல ஊண்டி நிக்கும். மிச்சத்த மத்தியானம் சாப்பிட்ட பிறகு இருட்டறையில, ஃபேன் போட்டு, போன வெளிய வச்சு ரெண்டு மணித்தியாலம் படுத்து எடுக்கலாம். மூணரைக்குப் பிறகு படுக்க வேணாம். கடைசித் தேத்தண்ணி ராவு எட்டு மணி. அஞ்சு மணித்தியாலம் போனாலும் தேத்தண்ணிட கஃபேனில பாதி உடம்புலதான் நிக்கும்.

வெள்ளாப்பில எழும்பின கையோட மோட்டார் சைக்கிள எடுக்க விடாதீங்க. எழும்பி 15 தொடக்கம் 30 நிமிசம் மூளை மந்தம். 17 மணித்தியாலம் முழிச்சிருந்தவரின் கவனம் இரத்தத்துல 0.05 வீதம் மது உள்ளவரின் கவனம் மாதிரி என்டு ஆய்வுகள் சொல்லுது. அந்த நேரம் ரோட்டுலயும் யானை நிக்கும்.

எழுவான்_தாதி:
ஒருத்தரும் குறட்டையக் கேக்கல்லயே? காவலுக்கு முந்தியும் அப்பா குறட்டை விடுறவரா? இடையில மூச்சு நின்டு, மறுகா திணறி எழும்புறவரா? சலத்துக்கு ராவில பல தரம் போறவரா? காலையில தலையிடியா? நித்திரையில மூச்சு அடைக்கிற வருத்தம் இருக்குமா என்டு பாக்கிற ஸ்டொப்-பாங் என்ட எட்டுக் கேள்வில ஆண், 50 வயசு தாண்டினவர், பிறஷர் என்டு மூணு புள்ளி ஏற்கெனவே வந்திட்டு, அதுவே நடுத்தர ஆபத்து. சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிக்கிறத ஆக்கள் கண்டது, 40 செ.மீ. தாண்டின கழுத்துச் சுற்று, 35க்கு மேல பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ட கணக்கு), இதுல ரெண்டு சேந்தா அஞ்சு, கூடின ஆபத்து.

தொண்டை அடைச்சு ஒரு தரம் பத்து செக்கனுக்கு மேல மூச்சு நிக்கிறதத்தான் கணக்கெடுக்கிற. ஒட்சிசன் இறங்க, உடம்பு அட்ரினலின விட்டு எழுப்பும். ராவு முழுக்க இது நடந்தா குளிசை போட்டாலும் பிறஷர் இறங்குறது கஷ்டம், சீனியும் ஏறும். எத்தினை மணித்தியாலம் படுத்தாலும் களைப்புத் தீராது. இப்படி ஆளுக்கு டயசிபாம் மாதிரி நித்திரைக் குளிசையும் சாராயமும் தொண்டையக் கூடத் தளர்த்தும்.

மல்லாந்து படுக்காமச் சரிஞ்சு படுக்கச் சொல்லுங்க. அவர் நித்திரையில இருக்கக்குள்ள ரெண்டு நிமிசம் போனில வீடியோ எடுங்க. சாதாரண ஓ.பி.டி.யில வாயால சொன்னா "வயசு" என்டு அனுப்பிருவாங்க, வீடியோ காட்டினா நித்திரைப் பரிசோதனைக்குக் கடிதம் கேக்க லேசு.

வெல்லாவெளிப்_பொடியன்:
குறட்டை சரியான சத்தம், அம்மா மற்ற அறையிலதான் படுக்கிற. மூச்சு நிக்கிறத ஒருத்தரும் பாக்கல்ல. கழுத்த எங்க அளக்கிற?

எழுவான்_தாதி:
குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழ, தைக்கிற டேப்பால, நிமிந்து நேராப் பாக்க வச்சு. இறுக்க வேணாம். இன்டைக்கு ராவு சித்தப்பாவ டோர்ச்சு அடிக்காம நெஞ்சப் பாக்கச் சொல்லுங்க: குறட்டை திடீரென்டு நின்டு, நெஞ்சு மட்டும் அசையுது, மூச்சு போய் வரல்ல என்டா அதுதான் அடைப்பு.