மறு: ஃபாரின் கீ-க்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் இரண்டாமாண்டுத் தரவுத்தளப் பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ-க்கு 'முதன்மைச் சாவி' என்று போட்டுவிட்டேன். ஃபாரின் கீ-க்கும் அதன் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கும், அதாவது அது விதிக்கும் நிபந்தனைக்கும், சொல் தாருங்கள். மதிப்பெண் அட்டவணையில் ஏறும் பதிவெண் மாணவர் அட்டவணையில் இருந்தே ஆகவேண்டும்; மதிப்பெண் இருக்கும்வரை அந்த மாணவரை நீக்கவும் விடாது. இதுதான் பொருள்.

---

அயற்சாவி. லகரம் றகரமாகும், 'அயல்சாவி' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

---

சாவியே போர்த்துக்கீசியம், ஐயா. திறவுகோல் இருக்க இரவல் எதற்கு?

---

அப்படியானால் முதலில் அலமாரியையும் ஜன்னலையும் வெளியே போடுங்கள், அவையும் அதே கப்பலில் வந்தவைதான். எங்கள் ஊரில் மணி பிடிக்காத நெல்லையும் சாவி என்போம். தாய்ப்பதிவு போனபின் அநாதையாய் நிற்கும் பதிவுக்கு அந்தச் சொல் பொருந்தும் என்று தோன்றுகிறது. சரி, அது வேறு கதை.

---

சாவி கிடக்கட்டும், 'அயல்'தான் தவறு. ஊழியர் அட்டவணையில் மேலாளர் எண் என்றொரு நெடுவரிசை. அது சுட்டுவதோ அதே அட்டவணையை. அயல் எங்கே வந்தது? அட்டவணைவழித் தரவுத்தளத்தை முன்மொழிந்த 1970 கட்டுரையில் எட்கர் காட் இதை வரையறுத்தபோதே, இரண்டு உறவுகளும் (அதாவது அட்டவணைகளும்) ஒன்றாகவே இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டார். ஆங்கிலப் பெயரின் கோணலை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். இதன் வேலையும் சுட்டுவதே: சுட்டுச்சாவி. கன்ஸ்ட்ரெயின்ட்டுக்குத் 'தளை'. யாப்பில் நின்ற சீரின் ஈற்றையும் வரும் சீரின் முதலையும் பிணைப்பது தளைதானே? பிழைச்செய்தியும் தானாகவே அமைகிறது: 'சுட்டுத்தளை தட்டியது'.

---

அழகுதான், அம்மா. ஆனால் என் வகுப்பில் வெண்பாவே தட்டும். 'சுட்டு' என்றதும் கடைசி பெஞ்சு தோசை கேட்கும்.

---

நேரமில்லை. மூன்று பேர் ஏற்ற 'அயற்சாவி', 'அயற்சாவிக் கட்டுப்பாடு' இரண்டையும் அனுப்பிவிட்டேன். இன்று ஆய்வகத்தில் இன்னொரு கூத்து. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளில் இந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் இயக்க வேண்டும். மறந்துவிட்டேன். இல்லாத மாணவர் 92 மதிப்பெண் வாங்கிவிட்டார்.

---

தளை தட்டவில்லை பாருங்கள். என் மறுப்பு நிற்கிறது. தாய்ப்பதிவை நீக்கினால் அதைச் சுட்டும் பதிவுகளும் கூடவே நீங்கும் கேஸ்கேடுக்கு என்ன போட்டீர்கள்? 'உடன்நீக்கம்'?

---

கேஸ்கேடை அப்படியே விட்டேன். தயவுசெய்து அதற்குத் தனி இழை வேண்டாம்.

---

உடனீக்கம்.