'மறுஆய்வு' அன்று, 'வரம்பாய்வு'

நண்பர்களுக்கு வணக்கம்.

அரசின் ஆணையையும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையும் நீதிமன்றம் சோதிக்கும் அதிகாரத்துக்கு (ஆங்கிலத்தில் judicial review) பாடநூலில் உள்ள 'நீதிப்புனராய்வு' என்ற சொல்லே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். செய்தித்தாள்களில் 'நீதித்துறை மறுஆய்வு' என்கிறார்கள். புனர், மறு இரண்டுமே 'இன்னொரு முறை' என்றுதான் பொருள்படும். என் தயக்கம் அங்கேதான்.

உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 137ஆம் உறுப்பின்படி தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்க்கிறதே, அது மறுஆய்வு. 226ஆம் உறுப்பின் கீழ், அரசின் செயலை எதிர்த்து வரும் ரிட் மனுக்களில், உயர் நீதிமன்றம் செய்வது வேறு வேலை.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயின் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தை அதிகாரி ரத்து செய்கிறார் என்று வையுங்கள். ஏலம் எடுத்தவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுகிறார். கண்மாயை யாருக்கு விட்டால் நல்லது என்று நீதிபதி கணக்குப் போடுவதில்லை. ரத்து செய்ய அந்த அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறதா, நோட்டீஸ் கொடுத்து எதிர்த்தரப்பைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா என்றுதான் பார்க்கிறார். பிசகு இருந்தால் ஆணையை நீக்கி, 'சட்டப்படி திரும்ப முடிவெடுங்கள்' என்று பெரும்பாலும் அதே அதிகாரியிடம் அனுப்பிவிடுவார். மறுஆய்வு என்று கேள்விப்பட்டு வருகிறவரோ கண்மாயே கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறார். ஒரு சொல் இப்படி ஏமாற்றம் தருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் 'வரம்பாய்வு' என்று சொல்லலாமா? வயல் வரப்பும் இந்த வரம்புதான். வரப்பைத் தாண்டினாரா என்று கேட்கலாம். உள்ளே நெல்லா கரும்பா என்பது நிலத்துக்காரர் பாடு.

பெரிய அரசியலமைப்பு வழக்குகளுக்கும் இது பொருந்துகிறது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை அடிப்படை உரிமையின் வரம்பை மீறியதாக உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்து வரம்பையே நகர்த்தியது. அப்படி நகர்த்தும் அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக்கூடாது என்று 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. மூன்று கட்டத்தையும் ஒரே சொல்லால் சொல்ல முடிகிறது, பாருங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. 'நீதிமன்ற வரம்பாய்வு' என்றால் நீதிமன்றத்தின் வரம்பை யாரோ ஆராய்வதுபோல ஆகிவிடும். ஆகவே முன்னொட்டில் ஆராயப்படும் பொருளை வைப்போம்: சட்ட வரம்பாய்வு, ஆணை வரம்பாய்வு. பொதுவாகச் சொல்லும்போது வெறும் வரம்பாய்வு. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், என் சொல்லை விட்டுவிடுகிறேன். 'மறு' மட்டும் வேண்டாம்.